அத்திம்பேர் கிடைத்துவிட்டார், தயவுசெய்து பகிர வேண்டாம்

1

இன்று காலை ஸ்டுட்கார்ட்டில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, இங்குள்ள தமிழ்க் குழு ஒன்றில் ஒரு படம் வந்து விழுந்தது. நெற்றி நிறையச் சந்தனம், கழுத்தில் கனத்த ரோஜா மாலை, வாய்கொள்ளாத சிரிப்புடன் ஒரு பெரியவர். படத்தின் கீழே, "காணவில்லை. மனநிலை சரியில்லாதவர். கோபப்படுவார், தனியாக நெருங்க வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து கிளம்பிய இவர் தற்போது ஐரோப்பாவில் சுற்றுவதாகத் தகவல். அதிகம் பகிரவும்" என்று இருந்தது. அனுப்பியவர் எனக்குத் தனியாகவும் ஒரு வரி எழுதியிருந்தார். "சார், நீங்க மயிலாப்பூர்தானே, தெரிஞ்சவரான்னு பாருங்க."

தெரிந்தவர்தான். என் அக்காவின் கணவர். அவரைக் காணவில்லை என்று உலகத்துக்கு முதலில் சொன்னவனே நான்தான். அது நடந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, பேப்பரில் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். ஊர்தான் இன்னும் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறது.

இதை எழுத அவரிடம் முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறேன். "எல்லாத்தையும் எழுது. பேரையும் தெருவையும் மட்டும் மாத்திடு" என்றார். மாற்றிவிட்டேன். இங்கே அவர் பெயர் வைத்தியநாதன், அக்கா பெயர் பத்மா. எனக்கு அத்திம்பேர், நானும் என் மகளும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இந்த அனுமதியை ஒரு வருடத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2

வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் யாருக்காவது ஏதாவது ஆனால், அங்கே போய் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்க முடியாது. அதனால் போனில் செய்யக்கூடிய காரியம் எது கிடைத்தாலும் பாய்ந்து விழுந்து செய்வான். அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டபோது நான் ஆபீசில் ஒரு கூட்டத்தில் இருந்தேன்.

"டேய் சுந்தர், அத்திம்பேரைக் காணோம்டா. காத்தால சாப்பிட்டுட்டுக் கிளம்பினார். மூணு மணிக்கு மேல ஆச்சு. போன் ஆஃப்ல இருக்கு."

"எங்க போறேன்னு சொன்னார்?"

"வந்துடறேன்னார்."

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம்னு எதிர்வீட்டு மாமா சொல்றார்" என்று இழுத்தாள். நான், "அதெல்லாம் நாழியாகும்க்கா, நான் இப்பவே போட்டுடறேன்" என்றேன். எவ்வளவு தன்னம்பிக்கை பாருங்கள்.

என்ன சட்டை என்று கேட்டேன். "யாருடா பாத்தா, ஏதோ கலர் சட்டை" என்றாள். வேறு ஏதாவது அடையாளம் உண்டா, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். பயத்தில் இருந்த அக்காவுக்கு அது நாற்பது வருடக் குறைகளைச் சொல்ல நல்ல வாய்ப்பாகப் போய்விட்டது. "இப்பல்லாம் ஞாபகம் எங்க இருக்கு அவருக்கு? பாலை அடுப்புல வெச்சா மறந்துடறார். எங்க கல்யாண நாளையே மறந்துட்டார். சர்க்கரை மாத்திரையை நான்தான் எடுத்துத் தரேன்." நான் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். ஞாபக மறதி உள்ளவர். சர்க்கரை நோயாளி, சாப்பிடும் மாத்திரை இன்னது. வீட்டு முகவரி, அக்காவின் கைபேசி எண், வலது காதோரம் இருக்கும் மச்சம், லேசாகச் சாய்ந்த நடை. ஒரு மனிதரைப் பற்றி ஊருக்குத் தெரிய வேண்டாதது என்று எதையும் நான் விட்டுவைக்கவில்லை.

படம்தான் சிக்கல். என் போனில் அவருடைய முகம் தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்றில்தான். பத்து வருடத்துக்கு முன் நடந்த அறுபதாம் கல்யாணப் படம் அது. பக்கத்தில் இருந்த அக்காவை வெட்டி எடுத்தேன். அவர் தோளில் இருந்த அவளுடைய வளையல் கை மட்டும் போகமாட்டேன் என்றது. மாலையை வெட்டினால் முகவாய் போய்விடும். சரி, இருக்கட்டும் என்று நாலு குழுக்களில் போட்டேன்.

நம் ஊரில் மாலை போட்ட படத்துக்கு என்ன அர்த்தம் என்பது இத்தனை வருட ஜெர்மனி வாசத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. எழுத்தை யார் படிக்கிறார்கள்? ஐந்தாவது நிமிடம் "ஓம் சாந்தி" வந்தது. தொடர்ந்து கைகூப்பிய பொம்மைகள் வரிசைகட்டி வந்தன. "நல்ல மனுஷர், போன வாரம்கூடப் பார்த்தேன்" என்று ஒருவர் எழுதினார். "எத்தனை மணிக்கு எடுக்கறா?" என்று இன்னொருவர் கேட்டார். நங்கநல்லூரில் இருக்கும் எங்கள் ஒன்றுவிட்ட அத்தை, செய்தி பார்த்த கையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டுவிட்டாள். உயிரோடுதான் இருக்கிறார் என்று பிறகு சொன்னபோது, "ஸ்நானம் பண்ணினது பண்ணினதுதான், ஜுரம் வந்தா நீதான் பொறுப்பு" என்றாள். அவளுக்கு ஜுரம் வரவும் செய்தது.

ஐந்தரை மணிக்கு அத்திம்பேர் வந்தார். தனியாக வரவில்லை. லஸ் பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மாள் ஒரு கையையும், ஆட்டோக்காரர் ஒருவர் மறு கையையும் பிடித்திருந்தார்கள்.

"யம்மா, இவுருதான? போன்ல போட்டா வந்துக்கீது. பஸ்ஸவுட்டு எறங்கசொல்லோ புட்ச்சுக்கினேன்" என்றாள் பூக்காரம்மா.

"யாருடி இவாள்லாம்? கையை விடவே மாட்டேங்கறா" என்றார் அத்திம்பேர்.

எங்கே போயிருந்தீர்கள் என்று அக்கா கேட்டாள், நான் வீடியோவில் கேட்டேன், எதிர்வீட்டு மாமாவும் கேட்டார். "ஒரு வேலையாப் போனேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. பிறகு என் அறிவிப்பைப் படித்தார். முழுக்கப் படித்தார். "ஞாபக மறதி" என்ற வார்த்தை மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார் என்று அக்கா சொன்னாள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

3

"கிடைத்துவிட்டார், நன்றி" என்று அன்றே போட்டேன். கிடைத்தவர் மீது ஊருக்கு அக்கறை கிடையாது. முதல் அறிவிப்பு ஊர் ஊராகப் போனது; இரண்டாவது எங்கள் தெருமுனையைத் தாண்டவில்லை. முதலில் போட்டதை நான் அழித்தேன். அதனால் என்னிடம் மட்டும்தான் அது இல்லாமல் போயிற்று.

போகிற வழியில் அது வளரவும் செய்தது. ஞாபக மறதி மனநிலை பாதிப்பு ஆயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் "கோபப்படுவார்" என்று சேர்த்தார். சன்மானம் உண்டு என்று இன்னொருவர் எங்கள் சார்பில் வாக்குக் கொடுத்தார். மாறாமல் இருந்தவை மாலையும், அக்காவின் போன் நம்பரும்தான்.

அத்திம்பேருக்கு வெளியே போவதுதான் வாழ்க்கை. மின்வாரியக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலை காபிக்கு மேல் வீட்டில் இருந்தவரில்லை. குளத்தைச் சுற்றுவார், பேருந்தில் ஏறி எங்காவது இறங்குவார், கடைத்தெருவைப் பார்ப்பார், வருவார். அந்த அறிவிப்புக்குப் பிறகு அவரால் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்ப முடியவில்லை. கபாலி கோயில் வாசலில் பிடித்தார்கள். நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலில் பிடித்து, கையில் வடையைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். எல்லாரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ரங்கநாதன் தெரு. குக்கருக்கு கேஸ்கெட் வாங்கப் போனார். பழைய மாடலுக்கு அங்கே ஒரு கடையில்தான் கிடைக்கும். கடைக்காரர் ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஸ்டூலைப் போட்டார். ஒரு நிமிடத்தில் கூட்டம்.

"பெர்சு, உன் பேர் இன்னா?"

"எதுக்கு?"

"பேர் தெர்லபா." யாரோ பின்னால் இருப்பவர்களுக்கு அறிவித்தார்கள். "இன்னிக்கு இன்னா கெழம, சொல்லு பாப்பம்?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"கெழமையும் தெர்ல."

"நூறுல ஏழு போனா எவ்ளோ, அத்தக் கேளு" என்றார் ஒரு பெண்மணி. அவர் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவராம்.

அதைக் கேட்டதும் அத்திம்பேர் எழுந்து கத்தினார். "கோவப்படுவார்னு போட்டுக்கீதுபா, கரீட்டாகீது" என்றார் கடைக்காரர், பெருமையோடு. இரண்டு பேர் வாழைப்பழம் வாங்கி வந்தார்கள். ஒருவர் கோலி சோடா உடைத்தார். அக்காவுக்குப் போன் போயிற்று.

அக்கா ஆதார் அட்டையோடு போய் இறங்கினாள். அவர்கள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. படத்தில் தோள்மேல் இருக்கும் கையை விரல்களால் பெரிதாக்கி, அவளுடைய கையோடு ஒப்பிட்டார்கள். "வளையல் வேறயா கீதேம்மா" என்றார் கடைக்காரர். பத்து வருடத்துக்கு முன் போட்டிருந்த வளையலை அக்கா எங்கே போய்த் தேடுவாள்? கடைசியில், "பெர்சு, இந்தம்மா யாருன்னு நீயே சொல்லு" என்றார்கள்.

அத்திம்பேர் கோபத்தின் உச்சியில் இருந்தார். "இவளை நான் பாத்ததே இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அவரை மீட்டு வர எதிர்வீட்டு மாமா போக வேண்டியிருந்தது. கேஸ்கெட் வாங்கவில்லை.

4

அக்காவின் போன் பொதுச்சொத்து ஆகிவிட்டது. வல்லாரை லேகியம் விற்பவர்கள் கூப்பிட்டார்கள். முதியோர் இல்லத்திலிருந்து, தனி அறை, வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் என்று விளக்கினார்கள். ஜாதகத்தில் ராகு எங்கே இருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். மத்தியானங்களில் கூப்பிட்டு, "வீட்ல தனியாவா இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்கும் ஒரு குரலும் இருந்தது. அதை அக்கா என்னிடம் சிரிக்காமல்தான் சொன்னாள். வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டார்கள்.

ஒருநாள் ஒருவன், "உங்காளு எங்க கஸ்டடில பத்திரமா கீறாரு. மாத்திர வாங்கணும், ஒடனே பணம் போடு" என்று மிரட்டினான். மாத்திரையின் விவரம்கூடச் சரியாகச் சொன்னான்; அது என் உபயம். அத்திம்பேர் அப்போது எதிரே உட்கார்ந்து அடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று போனை வைத்தாள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுக்ககத்தில் தண்ணீர் மோட்டார் போடும் பொறுப்பு எத்தனையோ வருடங்களாக அவருடையது. அதன் சாவியை ஒரு காலை செயலாளர் வந்து மென்மையாக வாங்கிக்கொண்டார். "நீங்க ரெஸ்ட் எடுங்கோ மாமா." முடிவெட்டிக்கொள்ளப் போனால்கூட அக்கா கூடவே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் சொல்வதை எல்லாரும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு ஆளைச் சின்னவராக்க இவ்வளவு போதும்.

5

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஆள் கிடைத்துவிட்டதாக ஒரு காகிதம் வாங்கிவிட்டால், பிடிப்பவர்களிடம் காட்டலாம் என்பது அத்திம்பேரின் யோசனை. இருவருமாகப் போனார்கள். அங்கே எழுத்து வேலை பார்க்கும் காவலர் பொறுமைசாலி.

"மேன் மிஸ்ஸிங் கேஸ் நம்பர் சொல்லுங்க சார், பாக்கலாம்."

"கேஸ் ஒண்ணும் குடுக்கலை" என்றாள் அக்கா.

"அப்ப எப்படிம்மா காணாமப் போனாரு?"

"நான் காணாமப் போகவே இல்லை" என்றார் அத்திம்பேர்.

"காணாமப் போகாதவரைக் கிடைச்சுட்டாருன்னு எப்படி சார் எழுதறது?"

கொஞ்ச நேரம் மூவருமே யோசித்தார்கள். பிறகு அந்தக் காவலரே ஒரு வழி சொன்னார். அக்கா இப்போது ஒரு மனு கொடுக்கட்டும், கணவரைக் காணவில்லை என்று. ரசீது போட்டுவிட்டு, சாயங்காலம் கிடைத்துவிட்டார் என்று முடித்துவிடலாம். "சார் மட்டும் கொஞ்சம் வெளியில போய் நின்னுக்குங்க. ஆளை எதிர்ல வெச்சுக்கினு எழுதுனா நல்லா இருக்காது."

அத்திம்பேர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். அக்கா, கணவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எழுதினாள். மனுவில் பாதி முடிவதற்குள், தெருவில் போன ஒருவர் அத்திம்பேரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். "சார், இந்தப் பெரியவரைத்தான் சார் எல்லாரும் தேடிக்கினு கீறாங்க!"

மனு கிழிக்கப்பட்டது. காவலர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அனுப்பும்போது அவர் சொன்னதை அக்கா எனக்கு அப்படியே ஒப்பித்தாள். "மொதல்ல இங்க வந்திருந்தீங்கன்னா ஸ்டேஷன் நம்பரைப் போட்டிருப்போம்மா. மாத்திரை, அட்ரஸ் எல்லாம் யாராவது ஊருக்குச் சொல்வாங்களா? இதே பொம்பளப் புள்ளையா இருந்து, வூட்ல அடி தாங்காம ஓடி வந்த புள்ளையா இருந்தா, தேடறவன் கையில நாமளே புட்ச்சுக் குடுத்த மாதிரி ஆயிருக்கும். யார் போட்டது இதை?"

"என் தம்பி. ஜெர்மனில இருக்கான்" என்று அக்கா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

6

இங்கே எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஃபிராவ் கெல்லர் என்று ஓர் அம்மையார் இருக்கிறார். அவருடைய பூனை ஒருமுறை காணாமல் போயிற்று. பொது வாசலில் நோட்டீஸ் ஒட்டலாமா என்று எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். படத்தில் பூனைக்குப் பின்னால் இருந்த சோபாவை வெள்ளையடித்து மறைத்திருந்தார். அது அவருடைய அந்தரங்கமாம். எந்தத் தேதியில் நோட்டீஸ் கிழிக்கப்படும் என்றும் கீழே போட்டிருந்தார். பூனை வந்தவுடன் மழையில் நனைந்துகொண்டே தெருத்தெருவாகப் போய் எல்லாவற்றையும் கிழித்தார். ஒன்றை எங்கே ஒட்டினோம் என்று மறந்துபோய் அவர் பட்ட பாடு இருக்கிறதே! அப்போது நாங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

என் மகள் மீரா சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவள் இங்கே வேறு ஊரில் தங்கிச் சட்டம் படிக்கிறாள். அத்திம்பேர் கதையைச் சொன்னபோது, "அப்பா, நீ அவர்கிட்ட கேட்டியா?" என்றாள்.

"காணாமப் போனவர்கிட்ட எப்படிம்மா கேக்கறது?"

"அவர் காணாமப் போகலையே. வெளிய போனார். அவ்வளவுதான்."

அவளுடைய தமிழ் இப்போதெல்லாம் கொஞ்சமாகத்தான் வருகிறது, ஆனால் வரும்போது சுருக்கென்று வருகிறது. அவள் பிறந்தநாள் படத்தை இரண்டு வருடத்துக்கு முன் குடும்பக் குழுவில் போட்டதற்காக ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாள். அதன் பிறகு அவள் முகம் இருக்கும் படம் எதுவும் எனக்கு வருவதில்லை. நேரில் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

இந்த நிலையில் சுங்க இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. சென்னையிலிருந்து எனக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கிறது, நேரில் வந்து விளக்க வேண்டும். லீவு போட்டுவிட்டுப் போனேன். அதிகாரி என் எதிரிலேயே பிரித்தார். உள்ளே பருப்புப் பொடி ஒரு பாக்கெட், மாகாளிக்கிழங்கு ஊறுகாய், அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் உறையில் ஒரு வக்கீல் நோட்டீஸ். அத்திம்பேர் தம் குளக்கரை நடை நண்பரான வக்கீல் மூலம் என் மேல் அனுப்பியது. தபாலில் எப்படியும் போகிறது, தனித்தனியாக ஏன் அனுப்ப வேண்டும் என்று அக்கா பொடியையும் கூடவே வைத்துவிட்டாள்.

"இது என்ன?" என்றார் அதிகாரி, நோட்டீஸைக் காட்டி.

"என் அக்கா கணவர் என் மேல் நடவடிக்கை எடுக்கப்போவதாகச் சொல்கிறார்."

"இதுவும் அன்பளிப்பா?"

ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

நோட்டீஸ் சுத்தமான கோர்ட்டுத் தமிழ். எனது கட்சிக்காரரின் உருவப்படம், வயது, நோய், மருந்து, நடை, மச்சம் ஆகியவற்றை அவருடைய சம்மதமின்றித் தாங்கள் வெளியிட்டிருக்கிறீர்கள்; அவருக்கு இல்லாத குறைபாட்டை இருப்பதாகச் சொல்லி அவருடைய நற்பெயரைக் கெடுத்திருக்கிறீர்கள்; இந்த அறிவிப்பு கண்ட பதினைந்து நாட்களுக்குள் மேற்படி செய்தியை உலகம் முழுவதிலிருந்தும் நீக்க வேண்டும். நான் மீராவிடம் காட்டினேன். "அவர் சொல்றது சரி" என்றாள். பருப்புப் பொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அத்திம்பேருக்குப் போன் செய்தேன். கோபமாக இருக்கிறாரோ என்று பயந்தேன். "நோட்டீஸ் கிடைச்சுதா? ஊறுகாய் உடையாம வந்துதா?" என்று கேட்டார். வக்கீல் சொன்னாராம், அனுப்பியவர்கள் எல்லார் மேலும் வழக்குப் போட வேண்டுமென்றால் பாதி சென்னைக்குச் சம்மன் அனுப்ப வேண்டும், ஆனால் முதல் குற்றவாளி உங்கள் மைத்துனர்தான் என்று. "மத்தவாளுக்கு நான் யாரோ. உனக்கு நான் யாரோ இல்லையேடா" என்றார்.

7

போன மாதம் ஊருக்குப் போனேன். நான் கூட இருப்பதால் அக்கா அவரை வெளியே விட்டாள். "அடையாறு வரைக்கும் போயிட்டு வரலாம் வா" என்றார். பேருந்தில் எங்கள் எதிரே இருந்தவர் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் கூட்டிண்டு போறேன் சார், பரவாயில்லை" என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

அடையாறில் பெரிய சாலையிலிருந்து திரும்பி ஒரு மாடிக் கட்டடத்துக்கு எதிரே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்தோம். கட்டடத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவருடைய பலகை இருந்தது.

"அன்னிக்கு இங்கதான் வந்தேன்" என்றார் அத்திம்பேர்.

நான் "காணவில்லை" என்று போட்ட நாளைச் சொல்கிறார்.

"பால் பொங்கினதுக்கெல்லாம் வரலை. ஒருநாள் நம்ம தெருவிலேயே எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாம நின்னேன். அரை நிமிஷம்தான். பத்மாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு வந்தேன். போனை அணைக்கச் சொன்னா. என்ன கிழமைன்னு கேட்டா. நூத்துல ஏழு போனா எவ்வளவுன்னு கேட்டா. அஞ்சு வார்த்தையைச் சொல்லி, கடைசில திரும்பச் சொல்லுங்கோன்னா. அஞ்சும் சொன்னேன். ஒண்ணுமில்லை, கொஞ்ச மாசம் கழிச்சு வாங்கோன்னார் டாக்டர். சந்தோஷமா பஸ் ஏறி லஸ்ல இறங்கறேன், பூக்காரி கையைப் பிடிக்கறா. ஞாபக மறதின்னு ஊர் பூரா தெரிஞ்சிருக்கு. டாக்டருக்கே தெரியாதது உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. வெட்கமில்லாமல் அந்தக் கடையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் காபியையும் நகர்த்தி ஆற்றிக் கொடுத்தார்.

"போன வாரம் மறுபடியும் வந்தேன். இந்தத் தடவை பத்மாவையும் கூட்டிண்டு. அஞ்சு வார்த்தையில மூணுதான் வந்தது. பாக்கி ரெண்டும் பஸ்ல போறச்சே வந்துடுத்து. உடனே டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அது கணக்குல சேராதாம்."

"என்ன சொன்னார் டாக்டர்?"

"ஆரம்பம்னார். மெதுவாத்தான் போகும்னார். அதை விடு. போனை எடு. நான் சொல்லச் சொல்ல அடி."

எடுத்தேன். காணவில்லை என்று ஆரம்பிக்கச் சொன்னார். மாலை இல்லாத படமாக, அன்று காலையே அக்காவோடு போய் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்து வைத்திருந்தார், அதை அனுப்பினார். முகவரி வேண்டாம். மாத்திரை வேண்டாம். அக்கா நம்பர் வேண்டவே வேண்டாம், ஸ்டேஷன் நம்பரைப் போடு, முதலில் அங்கே போய் மனு கொடு என்றார். மச்சம் இருக்கட்டும், அது எங்கேயும் போகாது. கோபப்படுவார் என்று போடலாமா என்று கேட்டேன். "போடு, நிஜம்தானே" என்றார். கிடைத்த அன்றைக்கே அழித்துவிடுவோம் என்ற வரியையும் சேர்க்கச் சொன்னார். "பேர் கேட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம். பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா போதும்னு எழுது." எழுதினேன்.

இது இப்போது என்னிடமும் மீராவிடமும் மட்டும் இருக்கிறது. அவள் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். "அவ கேட்டுட்டுத்தான் செய்வா" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் ஒருமுறை படித்தார். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கு என் பூரண சம்மதம் உண்டு. ஆனா ஒண்ணு. இதைப் போட வேண்டிய நாள் வரச்சே என்னைக் கேட்டா, நான் சம்மதிக்கவே இல்லைன்னு சாதிப்பேன். அப்ப நான் சொல்றதைக் கேக்காதே."